திரும்பிப் பார்க்க இடமில்லை

மூச்சை மெதுவாக விட வேண்டும், மூக்கால், வாயைத் திறந்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் அது திரும்பும், இன்னும் திரும்பவில்லை, கம்பிக் கதவுக்கு வெளியே அதன் பின்னங்கால் ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது, சேறு காய்ந்து வெடித்த கால், நகத்தைச் சுற்றிப் புல் ஒட்டியிருக்கிறது, அந்தக் கால் ஒரு அடி இந்தப் பக்கம் நகர்ந்தால் நான் முடிந்தேன். தவமணி, அசையாதே. பேர் சொல்லி என்னையே நான் அதட்டிக்கொள்கிறேன், சின்ன வயதில்கூட இப்படிச் செய்ததில்லை. கஸ்தூரியைக் கூட்டிவரத்தானே கிளம்பினேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போதே சூப்பர்வைசர் சொன்னார், அந்த ஆனை, ஒத்தக் கொம்பன், கீழ்ச்சோலைப் பக்கம் நிற்கிறான், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளைத் தனியாக ஏற விடாதீர்கள் என்று. அதனால்தான் கொழுந்து எடை போட்டதும் கூடையைக் கூட வேலை பார்க்கும் பேச்சியிடம் கொடுத்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு இறங்கினேன். மகளைக் காப்பாற்ற வந்தவள் நான். வளைவு திரும்பியதும் பாறை என்று நினைத்தேன், பாறை காதை அசைத்தது. அப்புறம் ஓடினேனா, விழுந்தேனா, எப்படி இந்தக் கதவைத் திறந்தேன், எப்படி உள்ளே நுழைந்து கொக்கியைப் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை, இடது முழங்கை எரிகிறது, ஒரு செருப்பு இல்லை. இது சோலை மாரி கோயில். பேர்தான் கோயில். மூன்று பக்கம் செங்கல், மேலே தகரம், முன்னால் கம்பிக் கதவு, உள்ளே ஒரு கல், அவ்வளவுதான். பூசாரிகூட உள்ளே வரமாட்டார், வெளியே நின்று கையை நீட்டித்தான் கல்லுக்கு மஞ்சள் பூசுவார். மனுஷர் நுழைகிற இடமே இல்லை. அதற்குள் நான் இரண்டு காலையும் மடக்கி, முழங்காலில் மோவாயை வைத்து, முதுகை அந்தக் கல்லோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறேன். கல் முதுகெலும்பில் குத்துகிறது. எண்ணெயும் மழைத் தண்ணீரும் சேர்ந்து ஜாக்கெட்டை நனைக்கிறது. அது கல் இல்லை, மாரி. மாரியின் மடியிலா உட்கார்ந்திருக்கிறேன், இல்லை, மாரியை முதுகால் நெருக்கிக்கொண்டு, அவளுக்கும் மூச்சு முட்டுமோ என்று ஒரு நினைப்பு, இந்த நேரத்தில் என்ன நினைப்பு இது, கால் நகர்கிறது, நகர்கிறதா, இல்லை, தோல்தான் சிலிர்த்தது, ஈ.

இந்தக் கதவைத் தொட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தினமும் இந்த வழியாகத்தான் போகிறேன், வருகிறேன், கோயில் பக்கம் வந்தால் தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். கஸ்தூரி அப்படியில்லை, ஓடுகிற ஓட்டத்தில் கம்பியை ஒரு தட்டு தட்டி, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வர்றேன் மாரி" என்பாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிற மாதிரி. ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். "உங்கப்பாவக் காப்பாத்தாததுக்கு என்னடி கும்புடு வேண்டிக் கெடக்கு?" அவள் கையை உருவிக்கொண்டு, "நான் ஒண்ணும் கேக்கலையேம்மா, வர்றேன்னுதான சொன்னேன்" என்றாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை. நடடி என்றேன். அவளுடைய அப்பா, குருவையா, டீ பேக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை பார்த்த மனுஷன், காய்ச்சல் என்று படுத்தார், மாத்திரை போட்டார், மறுநாள் என்னைப் பார்த்து "நீங்க யாரு தாயி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கும் இந்தக் காலுக்கும் பயம் ஒன்றுதான், ஆனைக்கு ஒரு பயம் காய்ச்சலுக்கு ஒரு பயம் என்று இல்லை. மூளையில் காய்ச்சல் ஏறிவிட்டது என்று கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வண்டி இந்த வளைவில் திரும்பும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கத்தினேன், ஆத்தா, தீச்சட்டி எடுக்கிறேன், மொட்டை போடுகிறேன், என்னை எடுத்துக்கோ, அவரை விடு. ஊர்ப்பட்ட வாக்குக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினால் எதுவும் வரவில்லை. ஒரு கனவு வரும், ஒரு பல்லி சொல்லும், யாராவது வந்து நல்லாயிடும் என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒன்றுமில்லை, சுவர்தான் இருந்தது, ஈரமான பச்சைச் சுவர். அன்றைக்கு நான் தனியாக இருந்தேன் மாரி. உனக்குத் தெரியுமா, தெரியாதா, கடைசியில் அவர் மூச்சு நின்றபோது வார்டில் ஒரு பிள்ளை பிஸ்கட்டுக்கு அழுதுகொண்டிருந்தது, யாரோ அதட்டினார்கள், எல்லாம் அதுபாட்டுக்கு நடந்தது. உன்னிடம் பேசக்கூடாது என்றுதானே இருந்தேன். பேசிவிட்டேன். மனசுக்குள் பேசினால் பேச்சுக் கணக்கா. வயிற்றுச் சத்தம் கேட்கிறது, என் வயிறு இல்லை, அதனுடையது, காதில் கேட்கிற சத்தம் இல்லை, கல்லில் அதிர்ந்து என் முதுகில் ஏறுகிறது, பேக்டரி மெஷின் தூரத்தில் ஓடுகிற மாதிரி. ஆனை என்று பேர் சொல்லக்கூடாது என்பார்கள் இங்கே, பெரியவர் என்பார்கள், சாமி என்பார்கள். சாமியிடமிருந்து தப்பிக்க சாமிக்குப் பின்னால், இல்லை, முன்னால், சாமிக்கும் சாமிக்கும் நடுவில் நான். சிரிப்பு வருகிறது, சிரிப்பு வந்தால் செத்தேன், பல்லைக் கடி, முழங்காலைக் கடி, சேலை வாயில் உப்பாக இருக்கிறது.

எதற்கு நிற்கிறது. போக வேண்டியதுதானே. சோலை கீழே இருக்கிறது, தண்ணீர் கீழே இருக்கிறது, இந்த வளைவில் என்ன இருக்கிறது நின்று பார்க்க. என்னைப் பார்த்ததா, பார்த்துவிட்டுத்தான் நிற்கிறதா, தேயிலைக் காட்டில் எங்கள் எஸ்டேட் புஷ்பத்தின் மாமனாரை இப்படித்தான், நினைக்காதே, அவருடைய குடை மட்டும் மடங்காமல் செடிமேல், நினைக்காதே. போன் வீட்டில் சார்ஜில் கிடக்கிறது. கையில் இருந்தாலும் இந்த வளைவில் சிக்னல் கிடையாது. பஸ் இன்னும் வரவில்லை, வந்திருந்தால் ஹாரன் கேட்டிருக்கும், டிரைவர் கீழ் வளைவில் நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார், மாடு நிற்கும் அங்கே. ஹாரன் கேட்டால் கஸ்தூரி இறங்கிவிடுவாள். இறங்கினால் ரோட்டுவழி வரமாட்டாள், குறுக்குப் பாதையில் ஏறுவாள், செடிக்கு நடுவே, தலையைக் குனிந்துகொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு. குறுக்குப் பாதை எங்கே வந்து ஏறும்? இங்கே. இந்தக் கால் நிற்கிற இடத்தில். "வர்றேன் மாரி" என்று சொல்லக் கை நீட்டுகிற இடத்தில். ஐயோ. ஐயோ. இவ்வளவு நேரம் என் உயிருக்குப் பயந்துகொண்டிருந்தேனே, இதுவல்லவா பயம், இது வேறு மாதிரி இருக்கிறது, இது உடம்புக்கு வெளியே இருக்கிறது, கீழ் வளைவில் நீலப் பாவாடை போட்டு நிற்கிறது. கால் மரத்துவிட்டது. விரலை அசைத்துப் பார்த்தேன், அடியில் ஏதோ பிசுபிசுத்தது. குனிய முடியாது, கையால் தடவினேன். வாழைப்பழம். ஒரு சீப்புப் பழம், நசுங்கி, என் தொடைக்கு அடியில். தேங்காய் மூடி. பொரி, வெல்லம். யாரோ புது ஜீப்புக்குப் பூஜை போட்டிருக்கிறார்கள், எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதற்குத்தான். இந்த வாசனைக்குத்தான் நிற்கிறது. நான் பழத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்ததும் உடம்பெல்லாம் வேர்த்தது, குளிரில், வேர்வை கழுத்து வழியாக இறங்கி மாரியின் எண்ணெயோடு சேர்ந்தது. அப்போது கால் திரும்பியது. ஒரு கால், இன்னொரு கால், அவசரமே இல்லாமல், கம்பிக் கதவு இருட்டியது.

கண்ணை மூடினேனா இல்லையா தெரியாது, இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. முதலில் மூச்சு வந்தது, புளித்த புல் வாடை, சூடாக, என் முகத்தில். அப்புறம் கம்பிக்கு நடுவே தும்பிக்கை. நுனி ஈரமாக இருந்தது, விரல் மாதிரி ஒன்று மேலே, அது ரோஜாக் கலரில், புள்ளி புள்ளியாக, இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு மெல்லிய நுனியா. அது என் பாதத்தைத் தொட்டது. செருப்பு இல்லாத பாதத்தை. முடி குத்தியது. முகர்ந்தது. கணுக்கால், முழங்கால், கையில் ஒட்டியிருந்த கொழுந்துக் கறை, ஒவ்வொன்றாக, மெதுவாக. நான் பின்னால் போனேன். போக இடமில்லை என்று தெரியும், இருந்தும் போனேன், முதுகை அழுத்தினேன், தலையை அழுத்தினேன், கல்லின் உச்சி என் பின்னங்கழுத்துக் குழியில் வந்து பொருந்தியது. ஒரு தாய் பின்னாலிருந்து பிள்ளையை மடியில் வைத்திருந்தால் மோவாய் அங்கேதான் வரும். கஸ்தூரிக்குப் பேன் பார்க்கும்போது என் மோவாய் அங்கேதான் இருக்கும். கல் குளிர்ந்திருந்ததே, இப்போது குளிரவில்லை. என் உடம்புச் சூடுதான், எனக்குத் தெரியும், நான் ஒன்றும் பைத்தியமில்லை, இவ்வளவு நேரம் ஒட்டியிருந்தால் எந்தக் கல்லும் சூடாகும். ஆனாலும் சூடாக இருந்தது. இவளும் ஓட முடியாது என்று தோன்றியது. ஆனை வந்தால் பூசாரி ஓடுவார், ஜீப்காரன் ஓடுவான், இவள் எங்கே ஓடுவாள், கொக்கி போட்ட கதவுக்குப் பின்னால் இவள்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பாள், வருகிறது வரட்டும் என்று. என்னோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். என்னைக் காப்பாற்றப் போகிறாளா என்று கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறதா என்றுதான் கேட்கத் தோன்றியது. திரும்பி முகத்தைப் பார்க்கலாம் என்றால் இடமில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் சுவரில் சாய்ந்து முன்னால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அந்தக் கதவு திறக்குமா, அந்த டாக்டர் வருவாரா, எல்லாம் முன்னால், முன்னால். அவர் உடம்போடு ஆம்புலன்ஸில் மலை ஏறும்போது டிரைவர் வண்டியை நிறுத்தி ஒரு பன்னும் டீயும் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்றேன். "சாப்பிடும்மா, மேல போனா பொம்பளைங்க அழ விடுவாங்க, சாப்பிட விட மாட்டாங்க" என்றார். புருஷன் பக்கத்தில் கிடக்க முழுப் பன்னையும் தின்றேன். பசித்தது. அந்தப் பசி எங்கிருந்து வந்தது என்று ஊருக்குப் பயந்து யாரிடமும் சொல்லவில்லை. யார் என்னைத் தின்ன வைத்தது. யார் கஸ்தூரியைப் பார்த்து, எழுந்திரு, உலை வை என்று என்னைச் சொல்ல வைத்தது. தும்பிக்கை என் தொடைக்கு அடியில் நுழையப் பார்த்தது. பழம். கேட்கிறது. நான் இடுப்பை ஒரு பக்கம் தூக்கி, நசுங்கிய சீப்பைக் கையால் தள்ளினேன். உதடு தானாக அசைந்தது. "ஆத்தா, உன் பழத்த எடுத்துக் குடுக்குறேன், கோவிச்சுக்காத." இரண்டு வருஷம் கழித்து அவளிடம் வாய் திறந்து சொன்னது இதுதான். தீச்சட்டி இல்லை, மொட்டை இல்லை. பழத்துக்கு மன்னிப்பு.

சீப்பு கம்பிக்கு வெளியே போனது. தின்கிற சத்தம். தேங்காய் மூடியையும் தள்ளினேன், வெல்லத்தையும், பொரியைக் கையால் வாரி வாரித் தள்ளினேன், தின்னு சாமி, தின்னுட்டுப் போயிரு, தீர்ந்தது, எல்லாம் தீர்ந்தது, இனி நான்தான் இருக்கிறேன். அப்போது கேட்டது. கீழே, நீளமாக, ஹாரன். எத்தனையோ நாள் கேட்ட ஹாரன், அடுப்பில் டீ வைக்கிற நேரம் என்று மனசு குளிர்ந்த ஹாரன். இறங்கியிருப்பாள். பையை மாட்டியிருப்பாள். சூப்பர்வைசர் சொன்னது அங்கே யாருக்குத் தெரியும், பஸ்ஸில் யார் சொல்லப் போகிறார்கள், இறங்கி ஏறத் தொடங்கியிருப்பாள். ஆனை காதை விரித்து நின்றது, அதற்கும் கேட்டிருக்கிறது. கத்த வேண்டும். கத்தினால் அவள் நிற்பாள். கத்தினால் இது என்ன செய்யும். தொண்டையைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன். கனவில் கத்துகிற மாதிரி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு. ஆத்தா, எனக்குக் குரல் வரவில்லை. காப்பாற்று என்று சொல்லவில்லை, அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன், குரல் வரவில்லை என்றுதான் சொன்னேன், பக்கத்தில் இருக்கிறவளிடம் சொல்கிற மாதிரி. அப்போது முதுகில் ஒரு தள்ளு. நான்தான் கல்லில் அழுந்தி எம்பியிருப்பேன். யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன். ஆனால் இருமல் சிக்கிய பிள்ளைக்கு முதுகில் ஒரு தட்டுத் தட்டுவோமே, அப்படி இருந்தது, தோள்பட்டைகளுக்கு நடுவில், உள்ளங்கை அளவுக்கு. நெஞ்சிலிருந்து அது கிளம்பி வந்தது, என் குரலா என்று எனக்கே தெரியாத குரல். "கஸ்தூரீ! ஏறாதடீ! ஆனை நிக்குது, வராதடீ! கஸ்தூரீ!" மலை அதைத் திருப்பிச் சொன்னது. அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில், பிளிறல், கம்பி வளைகிற சத்தம், தகரம் கிழிந்து பறந்தது, வானம் வெள்ளையாகத் திறந்து தூறல் முகத்தில் விழுந்தது, பக்கச் சுவர் சரிந்து செங்கல் என் தோளில், காலில், வலது கையைத் தூக்க முடியவில்லை. நான் கத்திக்கொண்டே இருந்தேன். நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் ஏறிவிடுவாள். ஒத்தைக் கொம்பு என் தலைக்கு மேல் வந்து போனதைப் பார்த்தேன், மஞ்சள் நிறம், கீறல் கீறலாக, அவ்வளவு பக்கத்தில். சாவுதான் என்று தெரிந்தது. பயம் குறையவில்லை. பயம் போய்விட்டது, அமைதி வந்தது என்று கோயில் கூட்டத்தில் சொல்வார்களே, எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை, மூத்திரம்தான் வந்தது. ஆனால் நான் தனியாக இல்லை. அது மட்டும் என் வலியைப் போல, என் நனைந்த சேலையைப் போல, சந்தேகமே இல்லாமல் இருந்தது. இடது கையைப் பின்னால் கொண்டுபோய் அவளைப் பிடித்துக்கொண்டேன். வழுக்கியது. மறுபடி பிடித்துக்கொண்டேன்.

பிறகு பட்டாசுச் சத்தம் கேட்டது. மேல் ரோட்டில், ஒன்று, நிறுத்தி இன்னொன்று. செடிகள் முறிகிற சத்தம் என்னை விட்டு விலகி விலகிப் போய், போதும் என்று நினைத்த இடத்தில் நின்றுவிட்டது. தூறல் செங்கல் மேல் விழுந்துகொண்டிருந்தது. புகை வாடை. யாரோ பாரஸ்ட்காரர் வாயில் கையைக் குவித்துக் கத்தினார், முகம் தெரியவில்லை, மஞ்சள் கோட்டு மட்டும் பாறைக்குப் பக்கத்தில். "யாரு அங்க கத்துனது? உசுரோட இருக்கீங்களா?" இருக்கேன் என்றேன், கேட்டிருக்காது, மறுபடி சொன்னேன், "எம்புள்ள, எம்புள்ள பஸ்ஸுல வந்துருச்சு, கஸ்தூரி, கீழ்ப்பாதையில பாருங்க." "கீழ எங்காளுங்க பஸ்ஸு கதவையே தொறக்க விடலம்மா, வாக்கிடாக்கில சொன்னாங்க, எல்லாப் புள்ளைங்களும் உள்ளதான் இருக்கு. ஒரு புள்ள அழுதுகிட்டு இருக்கு, அம்மா கொரல் கேட்டுச்சுன்னு." அப்போ ஏறவே இல்லை. நான் கத்தியிருக்கவே வேண்டாம். கத்தாமலே இருந்திருந்தால் பழத்தைத் தின்றுவிட்டு அது போயிருக்கும், சுவர் நின்றிருக்கும், கை முறிந்திருக்காது. அப்படி நினைத்தேன், நினைத்துக்கொண்டே அழுதேன், என் குரல் கேட்டுச்சாம், கேட்டுச்சாம். மஞ்சள் கோட்டு மறுபடி கத்தியது. "அம்மா! இங்க பாருங்க, எந்திரிச்சிராதீங்க! அது போகல, வளைவுக்கு அந்தாண்டதான் நிக்குது! உள்ள எத்தன பேரு இருக்கீங்க?" சொல்வதற்கு முன்னால் யோசித்தேனா என்று இப்போது கேட்டால் தெரியாது.

"ரெண்டு பேரு."

"சரி! ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காருங்க! நான் சொல்ற வரைக்கும் அசையக்கூடாது!"

செடிகளுக்கு அந்தப் பக்கம் மறுபடி ஒரு கிளை முறிந்தது. பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.